பாம் வேலிக்கு எப்படிப் போவது? ஃபிங்க் ஆற்றுப் பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். அங்கிருந்து மேற்கே 138 கிலோமீட்டர் போனால் ஃபிங்க் கார்ஜ் தேசியப் பூங்கா வரும். அதற்குள் சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே, சுற்றிலும் காய்ந்த நிலமாக இருக்க, பனைக் குடும்பத்து மரங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும் இடம்தான் பாம் வேலி. உலுரு என்ற பெரிய ஒற்றைப் பாறையைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, காரணம் அந்தக் கடைசிப் பாதை. அதைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாதாரணக் காரில் போக முடியாதா?

முடியாது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூர் வரை லாரபிண்டா டிரைவ் என்ற நல்ல தார் ரோடு, அது வரைக்கும் எந்தக் காரும் போகும். ஹெர்மன்ஸ்பர்க்கைத் தாண்டி இடது பக்கம் திரும்பியதும் கதையே மாறிவிடும், அங்கிருந்து பாதை ஃபிங்க் ஆற்றின் படுகையை ஒட்டியும் பல இடங்களில் படுகைக்குள்ளேயும் போகிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. கேரவன் இழுத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

"என்னிடம் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி இருக்கிறது, அது போதுமா?" என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். என் பதில்: வேண்டாம். நகரத்துக்காகச் செய்த எஸ்யூவி நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும், ஆனால் மிக மெதுவாக, அதிக விசையோடு ஓட்ட உதவும் லோ ரேஞ்ச் கியர் அதில் இருக்காது, அடிப்பகுதியும் தரையை ஒட்டித்தான் இருக்கும். இங்கே தேவை இந்த இரண்டும்தான். லேண்ட்குரூஸர், ப்ராடோ, பேட்ரோல், ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவ் மாதிரி வண்டி என்றால் கவலையில்லை.

அந்தப் பாதை உண்மையில் எவ்வளவு மோசம்?

இரண்டு பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் புரியும். தார் ரோட்டை விட்டு இறங்கியதிலிருந்து, பூங்காவுக்குள் கூடாரம் போட்டுத் தங்கும் முகாம் வரைக்கும் சுமார் 16 கிலோமீட்டர். மணல், கூழாங்கல், ஆற்றைக் குறுக்கே கடக்கும் இடங்கள், நடுநடுவே குண்டும் குழியுமான மண் பாதை. பொறுமையாக ஓட்டினால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், ஃபோர் வீல் டிரைவ் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கூட நிதானமாகப் போனால் சமாளித்துவிடலாம்.

முகாமிலிருந்து பாம் வேலி கார் நிறுத்துமிடம் வரைக்கும் இன்னொரு 4 கிலோமீட்டர். அசல் சோதனை இதுதான். மண்ணே இல்லாமல் வெறும் பாறை, படிக்கட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டுகள், சில இடங்களில் ஒரு சக்கரம் மேலே ஏறும்போது எதிர்ப் பக்கச் சக்கரம் காற்றில் தொங்கும். லோ ரேஞ்சில், முதல் கியரில், நடக்கிற வேகத்தில் போனால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ஜினுக்கு அடியில் எண்ணெய் இருக்கும் ஆயில் சம்ப்போ டயரின் பக்கச்சுவரோ போய்விடும். எந்தத் தட்டில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று தெரியாவிட்டால் கூட வந்தவரை இறக்கி முன்னால் நிற்கச் சொல்லுங்கள், அவர் கை காட்டுகிற பக்கம் ஓட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வருடக்கணக்காக இப்படிப்பட்ட பாதைகளில் ஓட்டுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

தார் ரோட்டில் வைத்திருக்கும் 36, 38 பிஎஸ்ஐயோடு மணலில் இறங்காதீர்கள். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி நீளவாக்கில் அதிகத் தரையைத் தொடும், அதனால் வண்டியின் எடை பரவி மணலில் புதையாது. ஆனால் இங்கே மணலுக்குப் பிறகு கூர்மையான பாறையும் வருகிறதே, ரொம்பவும் குறைத்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கல்லில் கிழிந்துவிடும். அதனால் 25 பிஎஸ்ஐ அருகில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, வண்டியின் எடையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். மணலில் சிக்கிக்கொண்டால் மட்டும் 18 வரை இறக்கி வெளியே வந்துவிட்டு, பாறை வருவதற்கு முன் மறுபடி ஏற்றிவிடுங்கள். காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், ஒரு மண்வெட்டி, முடிந்தால் மணலில் டயருக்கு அடியில் போடும் ரெக்கவரி பலகைகள். இவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பிய பிறகுதான் வேகம் எடுக்க வேண்டும், காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும்.

வாடகைக்கு எடுத்த ஃபோர் வீல் டிரைவில் போகலாமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். வண்டி ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். பல நிறுவனங்கள் தார் ரோட்டை விட்டு இறங்கவே கூடாது என்று எழுதியிருக்கும். சில நிறுவனங்கள் மண் ரோட்டை அனுமதித்துவிட்டு, குறிப்பிட்ட பாதைகளின் பெயரைப் போட்டு "இங்கே போகக் கூடாது" என்று தனியாகச் சொல்லியிருக்கும். காப்பீடு இருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி, தண்ணீரில் இறங்கியதால் வந்த சேதம் இவையெல்லாம் பெரும்பாலும் அதில் சேராது, சேதம் வந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான். "பாம் வேலி பாதையில் ஓட்ட அனுமதி உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வழிகாட்டியோடு ஒரு நாள் சுற்றுலா வண்டிகள் போகின்றன. ஃபோர் வீல் டிரைவ் ஓட்டியே பழக்கமில்லாதவர், முக்கியமாக இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சில நாள் விடுமுறைக்கு வருகிறவர், அதில் போவதுதான் நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

எந்த மாதத்தில் போவது?

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. கோடையில், அதாவது டிசம்பர், ஜனவரியில், வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், பாறைச் சுவர்களுக்கு நடுவே அது இன்னும் கடுமை. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பாலைவனம் என்றால் எப்போதும் சூடு என்று நினைத்து மெல்லிய போர்வையோடு வந்து நடுங்குகிறவர்கள் உண்டு. கூடாரத்தில் தங்குவதாக இருந்தால் நல்ல கனமான தூக்கப்பை கொண்டு வாருங்கள்.

மழை பெய்தால்?

போகாதீர்கள். இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் ஓட்டப்போவது ஒரு ஆற்றின் படுகையில். ஃபிங்க் ஆறு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணலும் ஆங்காங்கே குட்டைகளுமாகத்தான் கிடக்கும், உலகத்தின் மிகப் பழமையான ஆறுகளில் ஒன்று என்று சொல்கிறார்கள். வெள்ளம் வரும்போது வடக்கே மலைத்தொடரில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடும். அதனால் படுகையில் கூடாரம் போடவே கூடாது. கிளம்பும் அன்று காலையில் இந்தப் பகுதியை ஆளும் வடக்குப் பிராந்திய (நார்தர்ன் டெரிட்டரி) அரசின் சாலை நிலவர இணையதளத்தைப் பாருங்கள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் பார்வையாளர் மையத்திலும் கேளுங்கள். மூடப்பட்ட பாதையில் ஓட்டினால் அபராதம் உண்டு, உள்ளே மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மழை நின்று சில நாள் ஆன பிறகும் ஆற்றைக் கடக்கும் இடங்களில் தண்ணீர் நிற்கலாம். ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது. இந்தப் பகுதியில் முதலைகள் இல்லை, அதனால் நடந்து பார்த்து ஆழத்தை அளக்கலாம், வேகமாக ஓடுகிற தண்ணீர் என்றால் அதுவும் வேண்டாம்.

அனுமதிச் சீட்டு ஏதாவது வேண்டுமா?

வேண்டும். 2023 முதல் வடக்குப் பிராந்தியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் அங்குள்ள பெரும்பாலான பூங்காக்களுக்குப் பார்க்ஸ் பாஸ் வாங்க வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். முகாமில் தங்க இடத்தைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், பள்ளி விடுமுறைச் சமயத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். ஹெர்மன்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ளது பழங்குடி மக்களின் சொந்த நிலம், அங்கே மதுவுக்குத் தடை இருக்கிறது. வண்டியில் பாட்டில் வைத்திருப்பதே சட்டச் சிக்கலாகலாம், விதிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். நாயைக் கூட்டிவர முடியாது, அனுமதி வாங்காமல் டிரோன் பறக்கவிடவும் கூடாது.

நடந்தே போக முடியுமா?

தார் ரோட்டிலிருந்தே நடப்பதைப் பற்றி என்றால், வேண்டாம். 16 கிலோமீட்டர் மணலில், பெரிதாக நிழல் இல்லாமல், குடிதண்ணீர் முழுவதையும் முதுகில் சுமந்து, அதே தூரம் திரும்பவும் வர வேண்டும்.

ஆனால் முகாமிலிருந்து பாம் வேலி வரையிலான அந்தப் பாறைப் பாதை 4 கிலோமீட்டரை நடந்து போகலாம், குளிர்காலமாக இருந்தால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். வண்டியை முகாமிலேயே விட்டுவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள். போக 4, வர 4, உள்ளே பள்ளத்தாக்கில் 5 கிலோமீட்டர் சுற்று, மொத்தம் 13 கிலோமீட்டர். நாள் முழுக்க எடுத்துக்கொண்டு நடந்தால் சிரமமில்லை. வழியில் சைக்காட் கார்ஜ் என்ற இடம் வரும், செங்குத்தான பாறை முகத்தில் சைக்காட் செடிகள் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும். டைனோசர் காலத்திலிருந்தே இருக்கும் தாவர வகை அது. வண்டியில் போகிறவர்கள் பாறைத் தட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதால் பாதிப் பேர் அதைக் கவனிப்பதில்லை, நடந்து போகிறவருக்கு நின்று பார்க்க நேரம் இருக்கும்.

உள்ளே போய் என்ன பார்ப்பது, எவ்வளவு நேரம் ஆகும்?

கார் நிறுத்துமிடத்திலிருந்து இரண்டு நடைப்பாதைகள். அரங்கையா பாதை 2 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ம்புலுங்கின்யா பாதை 5 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்: மரங்களுக்கு நடுவே பள்ளத்தாக்குக்குள்ளேயே போய், பிறகு பாறை மேட்டில் ஏறித் திரும்பி வரும். நேரம் இருந்தால் நீண்டதையே தேர்ந்தெடுங்கள். முகாமுக்கு அருகே கலரங்கா பார்வை மேடு இருக்கிறது, ஒன்றரை கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். மாலை வெயிலில் சுற்றியுள்ள பாறை வட்டம் முழுவதும் செக்கச்சிவந்து தெரியும். ம்பாரா பாதையில் இந்தப் பகுதிப் பழங்குடிகளான மேற்கு அரண்ட மக்களின் கதைகளைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் 5 கிலோமீட்டர்தான்.

ஒரே நாளில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து போய்த் திரும்பலாம். ஆனால் அப்படிப் போனால் நாளின் பெரும்பகுதி ஸ்டியரிங் பிடிப்பதிலேயே போய்விடும், இருட்டுவதற்குள் ரோட்டுக்கு வர வேண்டுமே என்ற பதற்றமும் சேர்ந்துகொள்ளும். ஒரு இரவு தங்குங்கள். முகாமில் கழிப்பறை, குளியலறை எல்லாம் இருக்கிறது.

பாலைவனத்தில் இந்த மரங்கள் எப்படி வந்தன?

எல்லாக் கேள்வியையும் விட இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தக் கரடுமுரடுப் பயணத்துக்கே அர்த்தம் வேறு.

மரத்தின் பெயர் லிவிஸ்டோனா மரியே. நம்ம ஊர்ப் பனைமரம் மாதிரியே விசிறி ஓலைதான், உயரமான ஒற்றைத் தண்டுதான். சின்னக் கன்றுகளின் ஓலை மட்டும் செம்பு நிறத்தில் இருக்கும். ஃபிங்க் ஆற்றை ஒட்டிய இந்தச் சின்னப் பகுதியைத் தவிர இந்த வகை இயற்கையாக வேறெங்கும் வளர்வதில்லை. இதற்கு மிக நெருங்கிய சொந்தம் இருப்பது சுமார் 1,000 கிலோமீட்டர் வடக்கே, மட்டரங்கா பக்கம். ஐரோப்பியர்களில் முதலில் இவற்றைப் பார்த்து எழுதியவர் எர்னஸ்ட் கைல்ஸ் என்ற பயணி, 1872-இல்.

மத்திய ஆஸ்திரேலியா ஒரு காலத்தில் மழைக்காடாக இருந்தது, அது காய்ந்துபோன பிறகு மிஞ்சிய மரங்கள் இவை என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2012-இல் ஜப்பானிய, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கு மாறியது: இந்த மரங்கள் வடக்கே உள்ள சொந்தங்களிடமிருந்து பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் எல்லாம் ஆகவில்லை, சுமார் 15,000 ஆண்டுகள்தான். அந்தக் காலத்தில் அங்கே மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்படியென்றால் விதையை மனிதர்களே கொண்டுவந்திருக்கலாம்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஹெர்மன்ஸ்பர்க்கில் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்து அரண்ட மொழியைக் கற்ற கார்ல் ஸ்ட்ரேலோ என்ற ஜெர்மானியர், 1894-இல் அங்குள்ள மக்களின் ஒரு கதையை எழுதி வைத்திருக்கிறார்: வடக்கேயிருந்து வந்த தெய்வங்கள் இந்த விதைகளை இங்கே கொண்டுவந்தன என்று. மரபணு ஆய்வில் பங்கெடுத்த டேவிட் போமன் அந்தப் பதிவைப் பிறகுதான் படித்தார். ஆய்வுக்கூடம் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்ததை அந்த மக்கள் கதையாக எத்தனை தலைமுறைகள் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மரங்கள் இன்னும் உயிரோடிருக்கக் காரணம் பாறைக்குள் இருக்கும் தண்ணீர். எப்போதோ பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கித் தங்கி, மெதுவாகக் கசிந்து பள்ளத்தாக்கின் அடியில் வருகிறது. அதனால்தான் பாதையை விட்டு விலகாதீர்கள் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: புல் மாதிரித் தெரியும் சின்னக் கன்றுகள் காலில் மிதிபட்டால் போயே போச்சு. குட்டைகளில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம், உடம்பில் பூசியிருக்கும் சன்ஸ்கிரீன் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கலக்கும்.

போன் சிக்னல் கிடைக்குமா? அவசரம் என்றால்?

ஹெர்மன்ஸ்பர்க்கைத் தாண்டியதும் போனை நம்ப முடியாது. சாட்டிலைட் போனையோ பிஎல்பி என்ற அவசர சமிக்ஞைக் கருவியையோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பிஎல்பியின் பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும். எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் அவருக்குத் தகவல் சொல்லவும் மறக்க வேண்டாம்.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பலர் உயிரிழந்தது உதவி தேடி நடந்து போனதால்தான், வண்டி பிறகு முழுசாகக் கிடைத்திருக்கிறது. வண்டி நிழல் தரும், தேடி வருகிறவர்கள் கண்ணில் படும், தண்ணீரும் அதில்தான் இருக்கிறது.

தண்ணீர், சாப்பாடு, டீசல்?

தண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், சமையலுக்கும் கை கழுவவும் சேர்த்துத்தான், கூடுதலாக ஒரு நாளைக்கும் சேர்த்து. நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டேங்க்கை நிரப்பிக்கொண்டால் போய் வரப் போதும், ஹெர்மன்ஸ்பர்க்கிலும் கடையும் எரிபொருளும் உண்டு. உள்ளே கடை எதுவும் கிடையாது. புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போனால் அடுப்பு பற்றவைக்கிற வேலைகூட மிச்சம். ஈத்தொல்லை நிறைய, முகத்துக்கு வலை போட்ட தொப்பி ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப்போகலாமா?

முட்டி வலி, முதுகு வலி இருந்தால் அந்தக் கடைசி 4 கிலோமீட்டர் குலுக்கல் அவர்களுக்கு ஆகாது. முகாம் வரைக்கும் வரலாம், ஆனால் அதுவும் சுகமான சவாரி இல்லை. எனக்குத் தோன்றும் நல்ல வழி: அவர்களை ஹெர்மன்ஸ்பர்க் வரை தார் ரோட்டில் கூட்டிப்போய், 1877-இல் லூத்தரன் ஊழியர்கள் தொடங்கிய பழைய மிஷன் கட்டடங்களைக் காட்டுங்கள். ஆல்பர்ட் நமட்ஜிரா பிறந்த ஊர் அது. இந்த மலைகளையும் வெள்ளை மரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து நாடு முழுக்கப் பெயர் பெற்ற அரண்ட ஓவியர், பிறந்தது 1902-இல். பிறகு ஆர்மிஸ்டன் கார்ஜ், சிம்ப்சன்ஸ் கேப், ஸ்டான்லி கேசம் இந்த மூன்று பாறைப் பள்ளத்தாக்குகளுக்கும் தார் ரோடு போகிறது, அதிகம் நடக்கவும் வேண்டாம்.

பாதை மூடியிருந்தால் அந்த நாளை என்ன செய்வது?

மேலே சொன்ன மூன்று இடங்களும் உங்களுக்கும் பொருந்தும், ஆர்மிஸ்டனில் மட்டுமே ஒரு முழு நாள் நடக்கலாம். ஃபோர் வீல் டிரைவ் கையில் இருக்கிறது, அடுத்து கிங்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்குப் போகும் திட்டமும் இருக்கிறது என்றால் ஹெர்மன்ஸ்பர்க்கிலிருந்து மேற்கே மெரீனி பாதை வழியாகப் போகலாம், அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், ஹெர்மன்ஸ்பர்க்கிலேயே கிடைக்கும். அதுவும் பழங்குடி நிலத்தின் வழியாகப் போகும் பாதை என்பதால் வழியில் கூடாரம் போடக் கூடாது, ஒரே ஓட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் மழை பெய்து பாம் வேலியை மூடியிருக்கிறார்கள் என்றால் மெரீனியும் மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதே சாலை நிலவர இணையதளத்தில் அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.